குஞ்சின் குடலும் நன்மை தரும் நுண்ணுயிர்களும்

கிராமத்து வீடுகளில் அடைவைத்துக் குஞ்சு பொரித்த கோழியைக் கவனித்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. இருபத்தொரு நாள் அடைகாத்து எழுந்த தாய்க்கோழி, தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு குப்பைமேட்டிற்குச் செல்கிறது. காலால் கிளறிவிட்டுக் குரல் கொடுக்கிறது. குஞ்சுகள் ஓடிவந்து, அது காட்டிய இடத்தைக் கொத்துகின்றன. அங்கே குருணையும் புழுவும் மட்டும் இருப்பதில்லை. மண்ணும் தாயின் எச்சமும் கலந்தே இருக்கின்றன. அவற்றோடு தாயின் குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் குஞ்சின் வயிற்றை அடைகின்றன. தாய் தன் மக்களுக்கு அளிக்கும் முதற் சீதனம் இதுவே எனலாம்.

இன்று பண்ணைகளில் வளர்க்கப்பெறும் இறைச்சிக் கோழியின் நிலை வேறு. அது தாயைக் காண்பதே இல்லை. முட்டைகள் மருந்துப் புகையூட்டித் தூய்மை செய்யப்பட்டு, பொரிப்பகத்தின் இயந்திரங்களில் அடுக்கப்படுகின்றன. பொரிந்த குஞ்சுகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பண்ணைக்கு வந்து சேர்கின்றன. அப்பொழுது ஒரு குஞ்சின் எடை ஏறக்குறைய 40 கிராம். ஐந்து அல்லது ஆறு வாரங்களில் அது 2 கிலோவும் அதற்கு மேலும் எடை பெறவேண்டும். இவ்வளவு விரைவாக வளரவேண்டிய உயிர், தாயின் சீதனத்தை மட்டும் பெறாமல் வாழ்க்கையைத் தொடங்குகிறது. அதன் குடல் ஏறக்குறைய வெறும் வீடு. அவ்வீட்டில் முதலில் குடியேறுபவர் யார் என்பதைப் பொறுத்தே குஞ்சின் நலமும், வளர்ப்பவரின் வரவும் பெரும்பாலும் அமைகின்றன.

இவ்விழப்பை ஈடுசெய்யும் பொருட்டுத் தீவனத்திலும் குடிநீரிலும் சேர்க்கப்படும் இருவகைப் பொருள்களைப் பற்றியதே இக்கட்டுரை. அவை புரோபயாட்டிக், பிரிபயாட்டிக் என்று வழங்கப்படுகின்றன. இவற்றின் பெயரால் பல பொட்டலங்களும் புட்டிகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. எதை வாங்குவது, எதை விடுவது என்று வளர்ப்பவர் கேட்கும்பொழுது விடையளிக்கவேண்டியவர் களப்பணியாளரே ஆவார்.

குடலில் நிகழ்வது என்ன?

கோழி விழுங்கும் தீனி முதலில் கழுத்திலுள்ள தீனிப்பையில் தங்குகிறது. பின்னர் அமிலம் சுரக்கும் வயிற்றையும், தசை வலிமை மிகுந்த அரைவைப்பையையும் கடந்து சிறுகுடலை அடைகிறது. சிறுகுடலின் உட்சுவரில் பட்டுத்துணியின் இழைகளைப் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. உணவுச் சத்துக்களை இரத்தத்தில் சேர்ப்பவை இவை. இவ்வுறிஞ்சிகள் நீண்டு செழித்திருந்தால் தீவனம் வீணாகாது. நோய்க்கிருமிகளால் அரிக்கப்பட்டுக் குறுகிவிட்டாலோ, உயர்ந்த தீவனமும் எச்சமாகவே வெளியேறும்.

சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு குருட்டுக்குடல்கள் கிளைக்கின்றன. கோழியின் உடலில் நுண்ணுயிர்கள் மிக அடர்ந்து வாழும் இடம் இதுவே. இங்குள்ள ஒரு கிராம் பொருளில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியங்கள் இருக்கக்கூடும். கோழியால் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை நொதிக்கச் செய்து, அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு நேரடி உணவாகப் பயன்படுகிறது. இவ்வமிலங்கள் மிகுந்த சூழலில் சால்மொனெல்லா போன்ற தீய கிருமிகள் பெருகுவதும் கடினம். ஆகவே நல்ல நுண்ணுயிர்கள் குடலுக்கு இருவகையில் உதவுகின்றன: இடத்தை நிரப்பிப் பகைவரைத் தடுக்கின்றன, தங்கியிருக்கும் வீட்டின் சுவரையும் பேணுகின்றன.

மருந்து தீவனமான வரலாறு

இவ்வுண்மைகள் தெளிவாவதற்கு முன்னரே கோழிப் பண்ணைத் தொழில் வேறொரு வழியில் சென்றுவிட்டது. 1940-களின் இறுதியில் அமெரிக்க நாட்டில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்னும் இரு விஞ்ஞானிகள், குஞ்சுகளின் வளர்ச்சிக்குத் தேவையான பி-12 வைட்டமினுக்கு மலிவான மூலம் ஒன்றைத் தேடினர். ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்கு அளித்தபொழுது, அவ்வைட்டமினால் மட்டும் விளையக்கூடிய அளவைவிட மிகுதியாக அவை வளர்ந்தன. கழிவில் தங்கியிருந்த சிறிதளவு மருந்தே இதற்குக் காரணம் என்பது பின்னர் புலனாயிற்று. அதன்பின் நோயற்ற கோழிகளுக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

இதன் தீமை மெல்ல மெல்ல வெளிப்பட்டது. குறைந்த அளவு மருந்தை இடைவிடாது சந்திக்கும் பாக்டீரியங்களுள் வலியற்றவை மடிகின்றன. மருந்தைத் தாங்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. அவை தம் எதிர்ப்பாற்றலைப் பிற பாக்டீரியங்களுக்கும் வழங்கக்கூடியவை. பண்ணையில் தோன்றிய எதிர்ப்பாற்றல் எச்சத்தின் வழியாகவும், நீரின் வழியாகவும், இறைச்சியின் வழியாகவும் மனிதரிடம் வந்து சேர்கிறது. மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் தணியாமல் போவதற்கும், எங்கோ ஒரு கொட்டகையில் தீவனத்தில் கலந்த மருந்திற்கும் தொடர்பு உண்டாகக்கூடும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வளர்ச்சிக்காக மருந்து கலக்கும் வழக்கத்தை ஸ்வீடன் நாடு 1986-ஆம் ஆண்டில் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அத்தடை முழுமை பெற்றது. பிற மருந்துகள் பயனளிக்காத நிலையில் மனிதருக்கு இறுதியாக அளிக்கப்படும் கோலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தடைசெய்தது.

ஆயினும் மருந்தை நிறுத்துவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மருந்து நீக்கப்பட்ட பண்ணைகள் சிலவற்றில் குடற்புண் நோய் தலைகாட்டியது. அடக்கி வைத்திருந்த காவலன் சென்றபின், வெறும் வீட்டில் கள்வர் புகுவது இயல்பே. மருந்தின் இடத்தில் எதனை வைப்பது என்ற வினா இவ்வாறு எழுந்தது.

பின்லாந்தின் பரிசோதனை

விடைக்கான முதல் வழியைக் காட்டியவர்கள் பின்லாந்து நாட்டினர். 1971-ஆம் ஆண்டில் அந்நாட்டின் இறைச்சிக் கோழிகளிடையே சால்மொனெல்லா கிருமி பெரிதும் பரவியது. வளர்ந்த கோழிகள் எளிதில் தாக்குண்ணாதிருக்க, பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகளே அதற்கு இரையாவதை எஸ்கோ நுர்மி என்பவரும் அவருடைய உடனுழைப்பாளரும் ஆராய்ந்தனர். நலமுள்ள வளர்ந்த கோழியின் குடற்பொருளை எடுத்து அவர்கள் இளங்குஞ்சுகளுக்குப் புகட்டினர். பின்னர் அக்குஞ்சுகளுக்கு நோய்க்கிருமியைக் கொடுத்துச் சோதித்தபொழுது, அவற்றுள் பெரும்பாலானவற்றின் குடலில் அக்கிருமி நிலைகொள்ள இயலவில்லை. இம்முடிவு 1973-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குப்பைமேட்டில் தாய்க்கோழி செய்துவந்த காரியத்தையே அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினர் எனலாம்.

ஆனால் கண்ட கோழியின் குடற்பொருளை அப்படியே பண்ணைகளில் கொடுப்பது அபாயமானது. நன்மையுடன் நோயும் சென்று சேரும். ஆகவே இன்னது என அறியப்பட்ட, தீங்கற்ற நுண்ணுயிர்களைத் தனியே வளர்த்துக் கொடுக்கும் முறை வளர்ச்சி பெற்றது.

இருவகைச் சேர்க்கைகள்

உண்பவரின் குடலில் நுண்ணுயிர்களின் சமநிலையைச் சீர்செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக். லாக்டோபேசில்லஸ் முதலிய தயிர்க் குடும்பத்துப் பாக்டீரியங்களும், பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் வித்து உண்டாக்கும் பாக்டீரியமும், சிலவகை ஈஸ்ட்டுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

பிரிபயாட்டிக் என்பது உயிருள்ள பொருள் அன்று. அந்த நல்ல நுண்ணுயிர்களுக்கு ஏற்ற உணவாகும். கோழி தன் செரிமான நீரால் உடைக்க இயலாத, ஆனால் நல்ல பாக்டீரியங்கள் விரும்பி உண்ணும் குறுகிய சர்க்கரைச் சங்கிலிகளே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றன. ஈஸ்ட்டின் உறையிலிருந்து பெறப்படும் மேனன் சர்க்கரைகள் சற்று வேறான முறையிலும் உதவுகின்றன. தீய கிருமிகள் சில குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகளில் இச்சர்க்கரை ஒட்டிக்கொள்வதால், அவை சுவரைப் பற்ற இயலாமல் எச்சத்துடன் வெளியேறுகின்றன.

விதையும் எருவும் போன்றவை இவ்விரண்டும். முன்னது குடியேற்றுவது, பின்னது குடியேறியதை வளர்ப்பது. இரண்டையும் ஒருங்கே அளிக்கும் கலவைகளும் உண்டு.

பெங்களூருவில் நடைபெறும் பணி

கால்நடை ஆராய்ச்சியில் பெங்களூருவுக்கு நீண்ட மரபு உண்டு. 1923-ஆம் ஆண்டிலேயே கால்நடை, பால்பண்ணைத் துறைகளுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்குத் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையிடம் 1955-ஆம் ஆண்டில் கர்னாலுக்கு மாறிய பின்னரும், அதன் தென்மண்டலக் கிளை ஆடுகோடியில் நிலைபெற்றுள்ளது. ஹெப்பாளில் 1958-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. நகருக்கு வெளியே ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி அமைப்பும் பயிற்சி நிலையமும் அமைந்துள்ளன. ஆடுகோடியிலேயே 1995-ஆம் ஆண்டில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், தேசிய கால்நடை ஊட்டம் மற்றும் உடலியல் நிலையம் நிறுவப்பெற்றது.

இந்நிலையத்தின் ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் கருத்தைக் கவர்வது. பிரிபயாட்டிக் சர்க்கரைகள் வெளிநாடுகளில் பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கு போன்ற பயிர்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. நம் நாட்டில் உழவர் எரித்துவிடும் கழிவிலிருந்தே அவற்றைப் பெற இயலாதா என்று இந்நிலையத்தார் ஆராய்ந்தனர். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்த்தண்டு, கரும்புச் சக்கை, துவரை மிளார், மேய்ச்சற் புல் ஆகியவற்றின் உயிரணுச் சுவரில் சைலன் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி உள்ளது. கழிவைக் காரநீரிலும் நீராவியிலும் பக்குவப்படுத்திச் சைலனைப் பிரித்தெடுத்து, பின்னர் நொதி ஒன்றினால் அதனைச் சிறு துண்டுகளாக்கினால், சைலோ சர்க்கரைச் சங்கிலிகள் கிடைக்கின்றன. நல்ல பாக்டீரியங்கள் விரும்பும் உணவு இது. சமந்தா என்னும் விஞ்ஞானியும் அவருடைய உடனுழைப்பாளர்களும் இவ்வழிமுறையைப் பற்றி 2012-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் ஆய்வுரைகளை வெளியிட்டுள்ளனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இது ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் செய்யத்தக்க முறையே தவிர, வீட்டில் செய்யத்தக்கது அன்று. சோளத்தண்டைச் சோடா நீரில் ஊறவைத்துக் கோழிக்குக் கொடுக்க எவரேனும் முற்பட்டால், களப்பணியாளர் உடனே தடுத்தல் வேண்டும்.

பலன் எவ்வளவு?

இச்சேர்க்கைகள் எவ்விடத்தும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. சில பரிசோதனைகளில் எடை கூடியது; சிலவற்றில் எடை மாறாது, தீவனச் செலவு மட்டும் குறைந்தது; வேறு சிலவற்றில் யாதொரு வேறுபாடும் காணப்படவில்லை. கூளம் உலர்ந்து, காற்றோட்டம் மிகுந்து, நல்ல நீர் கிடைக்கும் பண்ணையில் கூடுதற் பலன் குறைவாகவே இருக்கும். நெருக்கமும் வெப்பமும் நோய் அழுத்தமும் உள்ள இடத்தில் வேறுபாடு மிகுதியாகத் தோன்றலாம். ஆகவே விளம்பரத்தை நம்பியும் வாங்கவேண்டாம். அண்டை வீட்டாரின் சொல்லைக் கேட்டு ஒதுக்கவும் வேண்டாம். அளந்து பார்த்தலே வழி.

அளக்கும் முறை எளிது. ஒரே நாளில் வந்த, ஒரே இனத்துக் குஞ்சுகளை இரு சம பங்காகப் பிரித்து, கொட்டகையின் நடுவே தடுப்பு அமைத்து வளர்க்கவேண்டும். தீவனம், இடம், தடுப்பூசி யாவும் ஒன்றாயிருக்க, ஒரு பங்கிற்கு மட்டும் சேர்க்கையை அளிக்கவேண்டும். உண்ட தீவனத்தையும், கூடிய உயிர் எடையையும், இறந்தவற்றின் எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனியே குறித்துவரல் வேண்டும். உண்ட தீவனத்தை, கூடிய எடையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே தீவன மாற்று விகிதம். இந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்மை.

எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு பங்கும் 2,000 கிலோ எடை கூடியதாகக் கொள்வோம். சேர்க்கை பெறாத பங்கு 3,400 கிலோ தீவனமும், பெற்ற பங்கு 3,300 கிலோ தீவனமும் உண்டன எனின், விகிதங்கள் முறையே 1.70, 1.65 ஆகும். மிச்சமான 100 கிலோ தீவனத்தின் விலை, கிலோவுக்கு 40 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். டன்னுக்கு அரைக் கிலோ வீதம் செலவான சேர்க்கை 1.65 கிலோ. அதன் விலை கிலோ 600 ரூபாயானால் செலவு 990 ரூபாய். வளர்ப்பவருக்கு 3,010 ரூபாய் மிச்சம். அதே பொருளை 2,500 ரூபாய்க்கு வாங்கியிருப்பின் செலவு 4,125 ரூபாய். கோழி நன்றாக வளர்ந்தும் வளர்ப்பவருக்கு 125 ரூபாய் நட்டம். மருந்துக்கடைக்காரர் முதற்கணக்கை மட்டுமே கூறுவார். இரண்டாவதைக் கூறவேண்டியவர் நாம்.

ஒரு முறை கிடைத்த முடிவை நம்பிவிடலாகாது. கொட்டகையின் ஒரு பக்கம் காற்று மிகுதியாக வீசக்கூடும். ஆதலின் அடுத்த தொகுதியில் பக்கங்களை மாற்றி, குறைந்தது மூன்று தொகுதிகளிலேனும் திரும்பச் செய்து பார்த்தல் நலம்.

ஒப்பந்த முறையில் வளர்ப்போர் பலர். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் உழைப்புமே வளர்ப்பவருடையவை. இவர்கள் தாமாக எதனையும் தீவனத்தில் கலக்க இயலாது. எனினும் தம் கொட்டகைக்கு வரும் மூட்டையில் கலந்திருப்பது யாது என்று கேட்டறிதல் தவறன்று. அக்கேள்வியைக் கேட்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டுதலும் விரிவுப் பணியின் ஒரு பகுதியே.

பயன்படுத்துகையில் கவனிக்கவேண்டியவை

முதலாவது, காலம். குஞ்சு வந்த முதல் நாளிலேயே தொடங்குதல் வேண்டும். தீய கிருமிகள் குடியேறிய பின்னர் அவற்றை வெளியேற்றுதல் அரிது.

இரண்டாவது, வெப்பம். குச்சித் தீவனம் தயாரிக்கும்பொழுது உண்டாகும் நீராவிச் சூட்டில் தயிர்க் குடும்பத்துப் பாக்டீரியங்கள் மடிந்துவிடும். வித்து வடிவிலுள்ள பேசில்லஸ் அதைத் தாங்கும். முன்னவற்றைக் குடிநீரில் அளிப்பதே தக்கது. பொட்டலங்களை வெயிலிலும் தகரக் கூரையின் அடியிலும் வைத்தல் கூடாது. காலாவதி நாளையும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, நீர். குளோரின் கலந்த நீர் கிருமிகளைக் கொல்வது போலவே நண்பர்களையும் கொல்லும். சேர்க்கை அளிக்கும் வேளையில் குளோரின் கலவாத தூய நீரைப் பயன்படுத்தவேண்டும்.

நான்காவது, மருந்து. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் உயிருள்ள சேர்க்கையைக் கொடுத்தல் பெரும்பாலும் வீண்செலவே. நோய் கண்டபொழுது கால்நடை மருத்துவரின் ஆணைப்படி மருந்தளித்து, அது முடிந்தபின் சேர்க்கையைத் தொடங்கலாம். இச்சேர்க்கைகள் நோய் தீர்க்கும் மருந்துகள் அல்ல. தடுப்பூசிக்கு மாற்றும் அல்ல.

கோடையில் மோர் வைக்கும் வழக்கம் சில பண்ணைகளில் உண்டு. சிறிதளவு தீங்கன்று. ஆனால் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்கு இல்லை. அளவு மிகுந்தால் எச்சம் நீர்த்துக் கூளம் ஈரமாகும். ஈரக் கூளம் எல்லா நோய்க்கும் தாய்.

பள்ளியில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இவ்வுண்மையை இரண்டு கிண்ணங்களைக் கொண்டு விளக்கலாம். காய்ச்சி, இளஞ்சூடாக ஆறிய பாலை இரண்டிலும் சம அளவில் ஊற்றுக. ஒன்றில் ஒரு கரண்டித் தயிரை உறையிடுக. மற்றொன்றில், அதே தயிரைச் சிறிது நீருடன் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றியபின் இடுக. இரண்டையும் மூடி வைத்து மறுநாட் காலையில் திறந்து பார்க்கச் செய்க. முதற் கிண்ணத்தில் பால் கெட்டியாக உறைந்திருக்கும். இரண்டாவதில் அவ்வாறு உறைந்திராது. உறையச் செய்தது தயிரின் புளிப்பு அன்று, அதில் வாழும் உயிர்களே என்பதை மாணவர் தாமே உணர்வர். கொதித்த உறையைப் போன்றதே, வெயிலில் கிடந்த புரோபயாட்டிக் பொட்டலமும் என்பதைப் பின்னர் எடுத்துரைக்கலாம். கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அச்செய்தியைத் தம் பெற்றோரிடம் கொண்டு சேர்ப்பர்.

முடிவுரை

தாயற்று வளரும் கோடிக்கணக்கான குஞ்சுகளுக்குத் தாய் தந்திருக்கவேண்டியதைத் திருப்பித் தருதலே இவ்வாராய்ச்சியின் நோக்கம். தூய நீர், உலர்ந்த கூளம், போதிய இடம், முறையான தடுப்பூசி ஆகிய நான்கும் அமைந்த பின்னரே ஐந்தாவதாக இச்சேர்க்கைகள் இடம்பெறும். அவை இல்லாத பண்ணையில் எப்பொட்டலமும் கோழியைக் காப்பாற்றாது. அவை அமைந்த பண்ணையில், தீவனத்தில் நாள்தோறும் மருந்து கலக்கும் பழக்கத்தைக் கைவிட இச்சேர்க்கைகள் துணையாகும். வளர்ப்பவர் ஒவ்வொருவரும் அப்பழக்கத்தைக் கைவிடும்பொழுது, நம் மருத்துவமனைகளில் உள்ள மருந்துகளின் ஆற்றல் இன்னும் சில காலம் நீடிக்கிறது. களப்பணியாளர் கொட்டகை வாயிலில் நின்று கூறும் அறிவுரையின் பயன் கோழியோடு முடிவதில்லை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.